பன்னிரண்டு காவல் ஊசிகள்

காந்த ஊசி எப்போதும் வடக்கு நோக்கியே நிற்கும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், துருவத்தை அடுத்த பிரதேசங்களில் சில இரவுகளில் அவ்வூசி நிலைகொள்ளாமல் தத்தளிப்பதுண்டு. அவ்வேளையில் ஆகாயத்திலே பச்சையும் சிவப்புமாக ஒளித்திரைகள் அசைந்தாடும். அதுவே துருவ ஜோதி. மேலே ஆடும் ஜோதிக்கும் கீழே ஆடும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில், 1741-ஆம் ஆண்டில், ஆண்டர்ஸ் செல்சியஸும் அவருடைய மைத்துனர் ஒலோஃப் ஹியோர்ட்டரும் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்வதைக் கண்டறிந்தார்கள். உஷ்ணமானியின் அளவுமுறைக்குப் பெயர் தந்த செல்சியஸ்தான் இவர். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி உப்சாலாவில் ஊசி கலங்கியபோது, லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் கவனித்து வந்த ஊசியும் கலங்கிற்று. கலக்கத்துக்குக் காரணம் உள்ளூரில் இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர் நார்வே நாட்டுக் கிறிஸ்தியான் பிர்க்கலண்ட். 1899-இல் வடநார்வேயின் ஹால்டெ மலைமீது கற்கட்டிடம் எழுப்பி, உறைபனிக்கும் சூறைக்காற்றுக்கும் நடுவே துணைவர்களுடன் ஆராய்ச்சி நடத்தினார். 1902-03-இல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா ஸெம்ல்யா ஆகிய நான்கு இடங்களில் கருவிகளை வைத்து, ஒரே காலத்தில் அளவெடுத்தார். சூரியனிலிருந்து வரும் மின்துகள்களே ஜோதிக்கு மூலம். அவற்றால் உயரே பாயும் மின்னோட்டமே ஊசியை அலைக்கழிக்கிறது என்றார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. 1917-இல் அவர் டோக்கியோவில் காலமானார். 1960-களுக்குப் பின்னர்ச் செயற்கைக்கோள்களே அவருக்குச் சாட்சி கூறின.

அம்மின்னோட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் பாய்கிறது. பலூன் அங்கே எட்டாது. செயற்கைக்கோள் அங்கே நிலைத்துச் சுற்ற முடியாது. எனவே, தரையிலிருந்தே அதை அளக்க வேண்டும். அதற்கொரு வழியை 1966-இல் நீல் டேவிஸும் மஸஹிஸா ஸுகியூராவும் வகுத்தார்கள். ஏ.ஈ. எண் என்பது அதன் பெயர். வடதுருவ ஜோதி மண்டலத்தைச் சுற்றிலும் பன்னிரண்டு நிலையங்கள் இதற்கென அமைந்தன. ஒவ்வொன்றிலும் பூமியின் கிடைக் காந்தபலம் அமைதி நாளின் அளவினின்றும் எவ்வளவு கூடிற்று, எவ்வளவு குறைந்தது என்று நிமிஷந்தோறும் குறிப்பார்கள். எல்லாவற்றிலும் மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் உள்ள வித்தியாசமே அந்த எண். உயர்வு கிழக்கு நோக்கிய மின்னோட்டத்தையும், தாழ்வு மேற்கு நோக்கியதையும் காட்டும். அமைதி நாளில் அது சில பத்து நானோடெஸ்லா. கொந்தளிப்பில் ஆயிரத்தையும் தாண்டும்.

இதனால் மக்களுக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். 1989 மார்ச் 13-ஆம் தேதி எழுந்த பெருங்காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்சார அமைப்பு ஒன்றரை நிமிஷத்தில் நிலைகுலைந்தது. சுமார் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். காந்தபலம் விரைந்து மாறும்போது, நெடுந்தூர மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தானே எழுவதுதான் காரணம்.

இந்த எண்ணுக்கும் குறை உண்டு. பெரும்புயலில் ஜோதி மண்டலம் விரிந்து தெற்கே இறங்கிவிடும். அப்போது மின்னோட்டம் நிலையங்களை விட்டு விலகிப் பாய்வதால், எண் உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றலாம். எண் சிறிதாயிருப்பதனாலேயே அபாயம் இல்லை என்று கொள்ளலாகாது. ஒரு நிலையம் மௌனமானாலும் இதே கதிதான். காவலற்ற அந்த இடைவெளியில் புயல் கணக்கில் ஏறாமலே கடந்துவிடக்கூடும்.

ஸ்வீடனின் அபிஸ்கோ, ஐஸ்லாந்தின் லெயர்வோகுர், கனடாவின் யெல்லோநைஃப், ரஷ்யாவின் திக்சி என இந்நிலையங்கள் பல தேசங்களைச் சேர்ந்தவை. அவற்றின் அளவுகளைத் தொகுத்து எண்ணை வெளியிடுவதோ ஜப்பானின் கியோட்டோ சர்வகலாசாலை. அரசுகள் தம்முள் பிணங்கினாலும், தன் எல்லைக்குள் இருக்கும் ஊசியை மட்டும் பார்த்து எந்த நாடும் புயலின் முழு உருவை அறிந்துவிட முடியாது.