சோதனை வரிசையைச் சீட்டு முடிவுசெய்யட்டும்

சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் காரும் ஏசியும் தயாராகின்றன. அப்படியோர் ஆலையில் பிளாஸ்டிக் பாகத்தின் உறுதியைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கை உருக்கும் வெப்பநிலையைக் காலையில் 200 டிகிரி, நண்பகலில் 220, மாலையில் 240 என்று ஏறுவரிசையில் வைத்து ஓட்டுகிறார்கள். மாலைப் பாகம்தான் உறுதியாக வருகிறது. காரணம் வெப்பநிலையா, நாள் முழுக்க ஓடிச் சூடேறிய அச்சா, மாறிய ஈரப்பதமா? பிரித்தறிய வழியே இல்லை.

வயல் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு; எந்தப் பாத்தியில் எதைச் சோதிப்பது என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யட்டும் என்றார் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். சோதனை வடிவமைப்பு பற்றிய அவரது நூல் 1935இல் வந்தது. ஆலையில் பாத்திக்குப் பதில் நேரம்; எந்த வெப்பநிலை எப்போது என்பதைச் சீட்டு சொல்லட்டும்.

தினமும் மூன்று வெப்பநிலையையும் ஓட்டி, வரிசையை மட்டும் அன்றன்று குலுக்குவது இன்னும் நல்லது. இயந்திரத்தின் வெப்பநிலையை ஏற்றி இறக்க நேரம் பிடிக்கும்தான். தவறான முடிவை நம்பி ஆயிரக்கணக்கில் பாகங்களை வார்ப்பதைவிட அது மலிவு. அடுத்த சோதனைக்கு முன் சீட்டெழுதிக் குலுக்குங்கள்.