வாத்து வேட்டை மன்றங்களின் நீர்க்கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வடக்கிலிருந்து வரும் சேக்ரமென்டோ ஆறும் தெற்கிலிருந்து வரும் சான் வாக்கீன் ஆறும் பாயும் நடுப்பள்ளத்தாக்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மழைக்காலத்திலும் பனியுருகும் காலத்திலும் பெருவெள்ளத்தில் மூழ்கி, அலாஸ்காவிலிருந்தும் கனடாவின் சமவெளிகளிலிருந்தும் வலசை வரும் வாத்துகளுக்கு இரையும் இடமும் அளித்துவந்தது. ஆறுகளுக்குக் கரை கட்டி, அணை எழுப்பி, நிலத்தை வயலாக்கிய பின்னர் அந்தச் சதுப்புப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் மறைந்துபோயிற்று. எஞ்சியிருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியாருக்குச் சொந்தமானது என்பதும், அதில் பெரும்பகுதி வாத்து வேட்டை மன்றங்களின் கையில் இருக்கிறது என்பதும் வேட்டையைத் தடைசெய்த நாட்டினருக்கு வியப்பளிக்கலாம். பசிபிக் கரையோர வலசைப் பாதையின் வாத்துகளில் 60 சதவீதம் வரை குளிர்காலத்தைக் கழிப்பதாக மதிப்பிடப்படும் இப்பள்ளத்தாக்கில் அவை இறங்கும் நீரின் பெரும்பகுதி, மனிதர் மதகைத் திறந்து பாய்ச்சிய நீரே.

மன்றம் என்பது பெரும்பாலும் ஒரு சிறிய குழுவே. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா செலுத்துவார்கள். நிலம் சொந்தமாக இருக்கும், அல்லது குத்தகைக்கு எடுக்கப்பட்டிருக்கும். அக்டோபர் இறுதியில் தொடங்கி ஜனவரி இறுதியில் முடியும் வேட்டைப் பருவம் ஏறத்தாழ 100 நாள். குத்தகைத் தொகை பெரும்பாலும் இந்த 100 நாளைக் கருதியே பேசப்படுகிறது. ஆனால் அந்நாட்களில் நீரில் வாத்து இறங்குமா என்பது, துப்பாக்கிச் சத்தமே கேட்காத மற்ற மாதங்களில் நிலத்தில் நடந்த வேலையைப் பொறுத்தது.

அந்த வேலையின் மையம் ஒரு பலகை மதகு. சதுப்பைச் சுற்றி மண்கரை எழுப்பி ஒன்றையொன்று ஒட்டிய பாத்திகளாகப் பிரித்திருப்பார்கள்; ஒவ்வொரு பாத்தியின் தாழ்ந்த மூலையிலும், செங்குத்தான இரு காடிகளுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள் செருகிய சிறு மதகு நிற்கும். மேற்பலகையை எடுத்தால் பலகையின் அகலத்துக்கு நீர்மட்டம் இறங்கும். குளிர்காலம் முழுவதும் நிறைந்திருந்த நீரை வசந்தத்தில் எந்த வாரம், எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதே ஆண்டு முழுவதற்குமான முடிவு. ஈரமண் மேலாண்மை எனப்படும் முறை இதிலிருந்தே தொடங்குகிறது. நீர் வடிந்த சேற்றில் முன்பே புதைந்து கிடக்கும் விதைகள் வெயிலும் ஈரமும் ஒருசேரக் கிடைத்ததும் முளைக்கின்றன. எவை முளைக்கும் என்பதை மண்ணின் வெப்பமும் ஈரத்தின் அளவும் தீர்மானிக்கின்றன. விதைப்பவர் எவரும் இல்லாத இவ்வயலில் நாளைத் தேர்வதே விதைப்பு.

இப்பள்ளத்தாக்கின் தென்பகுதியில், மார்ச் இறுதியை ஒட்டி நீரை இறக்கினால், தரையோடு படர்ந்து மிகச் சிறிய விதைகளை ஏராளமாகத் தரும் சதுப்புத் திமோத்திப் புல் வளரும். அதற்குக் கோடையில் நீர் அதிகம் தேவையில்லை. இது பழைய உலகத்திலிருந்து வந்து குடியேறிய அயல்புல் என்றாலும் வாத்துகள் அதை விரும்பி உண்கின்றன. நீரைச் சில வாரம் தாமதித்து இறக்கிக் கோடையில் ஓரிரு முறை பாய்ச்சினால், தமிழ்நாட்டுக் குதிரைவாலிச் சிறுதானியத்தின் நெருங்கிய உறவான நீர்ப்புல் இடுப்பளவு உயர்ந்து பெரிய விதைகளைத் தரும். நெல் வயலில் களையென்று பிடுங்கி எறியப்படும் அதே புல்லை இங்கே நீர் விட்டு வளர்க்கிறார்கள். நன்கு பராமரித்த ஓர் ஏக்கரில் 200 கிலோவுக்கு மேலும் விதை கிடைக்கக்கூடும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மீண்டும் நீர் ஏற்றும்போது விதைகள் நீரடியில் படிகின்றன. காய்ந்த தண்டுகள் அழுகத் தொடங்க, அவற்றில் கடிக்காத சிறுகொசுக்களின் செந்நிறப் புழுக்கள் பெருகுகின்றன. நீரின் ஆழம் 10 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருப்பதே நல்லது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் முழுவதுமாக மூழ்கி இரை தேடுபவை அல்ல. வாலை மேலே தூக்கித் தலையை நீருக்குள் கவிழ்த்துக் கழுத்து எட்டும் தூரம்வரை மட்டுமே துழாவுகின்றன. அதற்கு மேல் ஒரு சாண் நீர் கூடினாலும், விதை இருந்தும் இரை இல்லாத குளமாகிவிடும்.

இவ்வாறே ஆண்டுதோறும் செய்துவந்தால், ஓராண்டுப் புற்களை ஒதுக்கிவிட்டுச் சம்பும் கோரையும் பாத்தியை மூடத் தொடங்கும். அடர்ந்த சம்பங்காடு வாத்துக்கு மறைவு தருமேயன்றி அதிக விதை தராது. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் நிலத்தை முற்றிலும் காயவிட்டுச் சட்டிக் கலப்பையால் உழுது, தாவர வளர்ச்சியை முதல் படிக்குத் திருப்ப வேண்டும். உழவு, கரைக்கு மண், மதகுக்குப் பலகை, நீருக்குப் பணம் என்று இன்று செலவிடுவதன் பலன் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே முழுமையாகத் தெரியும். இங்கேதான் குத்தகையின் கால அளவு ஓர் அறிவியல் காரணியாகிறது. அடுத்த ஆண்டு இதே நிலம் கிடைக்குமா என்று தெரியாத மன்றம், பருவத்துக்கு முன் நீரை விட்டுப் பருவம் முடிந்ததும் விலகுவதைத் தவிர வேறெதையும் செய்ய முன்வராது. ஐந்து, பத்து ஆண்டுக் குத்தகையும், கரையையும் மதகையும் யார் செப்பனிடுவது என்ற எழுத்து உடன்பாடும் சதுப்பைக் காக்கும் கருவிகளாகவே கொள்ளத்தக்கவை.

பள்ளத்தாக்கின் வடபகுதியில் குத்தகை வேறு வடிவம் கொள்கிறது. நெல் அறுவடைக்குப் பின் தாளை எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 1991இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. எரிக்க முடியாத தாளை மட்கச் செய்ய உழவர்கள் குளிர்காலத்தில் வயலில் நீர் நிறுத்தலாயினர். சிந்திய நெல்லை நாடி வாத்துகள் வந்தன. வேட்டைக்காரர்களுக்கு வயலைப் பருவக் குத்தகைக்கு விடுவது உழவருக்குத் துணை வருவாயாயிற்று. இரை தேடும் வாத்துகள் தாளைக் கிளறி மிதிப்பதால் அது விரைவாக மட்குகிறது என்பதை டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயல் சோதனையில் காட்டினர். குத்தகைப் பணத்தைத் தந்தவர் வேட்டைக்காரர்; உழவருக்கு இலவசமாக வேலை செய்தது வாத்து.

ஆயினும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே இம்மன்றங்களின் வரலாற்றை எழுதியது. மெர்சட் மாவட்டத்தின் புல்வெளிச் சதுப்புகள் சான் வாக்கீன் ஆற்றின் வெள்ளத்தை நம்பியிருந்தன. 1942இல் பிரயண்ட் அணை எழுந்தபின் அந்நீர் வேளாண்மைக்குத் திருப்பப்பட்டது. நிலவுடைமையாளர்களும் மன்றங்களும் போராடி 1953இல் புல்வெளி நீர் மாவட்டம் என்ற அமைப்பை உருவாக்கினர். எனினும் வயல்களின் வடிகால் நீரையும் நெடுங்காலம் சார்ந்திருந்தனர். பள்ளத்தாக்கின் மேற்கு மண்ணிலிருந்து கரைந்த செலினியம் என்னும் தனிமம் அந்த வடிநீரில் செறிந்திருந்தது. 1983இல் அருகிலுள்ள கெஸ்டர்சன் தேக்கத்தில் கண்ணும் அலகும் காலும் குறைபட்ட பறவைக் கருக்கள் கண்டெடுக்கப்பட்டபோது அதன் கொடுமை வெளிப்பட்டது. அதன்பின் வடிநீரைக் கைவிட வேண்டியதாயிற்று. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நடுப்பள்ளத்தாக்குத் திட்ட மேம்பாட்டுச் சட்டமே சதுப்புகளுக்கு நல்ல நீரில் சட்டப்படியான பங்கைத் தந்தது. வறட்சி ஆண்டுகளில் அந்தப் பங்கும் குறைகிறது. அப்போது எந்தப் பாத்தியை நனைப்பது, எதைக் காயவிடுவது என்று முடிவெடுப்பது மன்ற மேலாளரின் மிகக் கடினமான பணி.

தமிழ்நாட்டின் வேடந்தாங்கல், வேட்டையால் சதுப்பைக் காக்கும் இவ்வழிக்கு எதிர்த்திசையில் நடந்த ஊர். வெள்ளையர்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி ஊர்மக்கள் கேட்டு, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் கௌல் என்னும் உரிமைச் சீட்டைப் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமானது என்பதே அவர்களின் கணக்கு. ஓரிடத்தில் வேட்டையும் ஓரிடத்தில் வேட்டை மறுப்பும் நீரைக் காத்தன. இரண்டிலும் அருகில் வாழ்ந்தவர்களுக்குப் பறவையால் ஒரு பயன் இருந்தது. பொதுச்சொத்து என்று மட்டும் பெயர் வாங்கிய சதுப்புகள் இரு நாடுகளிலும் எளிதில் தூர்க்கப்பட்டதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

வேட்டைக்கு எல்லை வகுக்கும் சட்டமும் நிலப் பராமரிப்பைச் செதுக்கியிருக்கிறது. தானியத்தைக் கொட்டி ஈர்த்துச் சுடுவதை அமெரிக்கா 1935இல் தடைசெய்தது. ஆகவே இயற்கையாக முளைத்த புல்லின் விதையே மன்றத்தின் நேர்மையான முதலீடு. சேற்றில் சிதறிய ஈயக் குண்டுகளை அரைவைப்பையில் கல்லாகப் பயன்படும் மணல் என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறி மாண்டதால், 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் விலக்கப்பட்டு எஃகுக் குண்டு வந்தது. புதன், சனி, ஞாயிறு மட்டுமே சுடுவது என்று பல மன்றங்கள் தாமே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இடைப்பட்ட நாட்களில் அமைதி இல்லையென்றால் பறவைகள் இரவில் மட்டும் இரை தேடப் பழகிவிடும், அல்லது வேறு நீருக்குப் போய்விடும்.

நீர் ஏற்றும் நாளிலும் ஆபத்து உண்டு. செப்டம்பர் வெப்பத்தில் மெல்ல மெல்ல நீர் ஏறும் பாத்தியில் கொசு பெருகி மேற்கு நைல் காய்ச்சலைப் பரப்பக்கூடும் என்பதால், கொசுக் கட்டுப்பாட்டுத் துறையினர் தாமதமாகத் தொடங்கி விரைவாக நிரப்பச் சொல்கிறார்கள். தேங்கிச் சூடான நீரில் இறந்த வாத்தின் உடலில் போட்டுலிசம் என்னும் நோயின் நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்க, அவ்வுடலில் ஊறும் புழுக்களைத் தின்ற வாத்துகள் கழுத்துத் தளர்ந்து நீரிலேயே மூழ்கிச் சாகின்றன. அவற்றின் உடல்கள் மேலும் புழுக்களைத் தருகின்றன. படகில் சென்று பிணங்களை நாள்தோறும் அள்ளி அகற்றுவதே இச்சங்கிலியை அறுக்கும் வழி.

பருவத்தின் கடைசி நாள் மாலையில், மறைவிடங்களின் முன் ஈர்ப்புக்காக மிதந்த பொம்மை வாத்துகள் மூட்டை கட்டப்பட்டபின், மறுவாரமே பலகைகளை இழுத்து நீரை விட்டுவிடும் குத்தகைதாரர்கள் உண்டு. பருவம் முடிந்ததும் ஊசிவால் வாத்துகள் எல்லாம் உடனே பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடுவதில்லை; பிப்ரவரியில் அவை விதையைக் குறைத்துச் செந்நிறப் புழுக்களை அதிகம் தேடுகின்றன. வடக்கே நெடுந்தூரம் பறக்கவும் முட்டையிடவும் வேண்டிய புரதம் அப்புழுக்களில் இருக்கிறது. மார்ச் வரை நீரைத் தேக்கி வைக்கும் மன்றத்தின் பாத்தியில் அவை அந்தி நேரத்தில் கூட்டமாய் இறங்குகின்றன. கரையில் சுடுவோர் எவரும் இருப்பதில்லை, அடுத்த பலகையை எப்போது எடுப்பது என்று சேற்றின் வெப்பத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் மேலாளர் மட்டுமே இருக்கிறார்.