பில்லில் நம் கடைச் சொல் இருக்கட்டும்



நம் செவ்வாய்ப்பேட்டையில் சிட்டையும் பேரேடும் கையால் எழுதிய காலம் மலையேறிவிட்டது. மண்டிகளில் இன்று கம்ப்யூட்டர் பில்தான். கூட்டல் பிழை இல்லை, வரிக் கணக்கும் உடனுக்குடன் கிடைக்கிறது. ஆனால் ஒரு நஷ்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓமலூர், ராசிபுரம் பக்கமிருந்து சரக்கெடுக்க வரும் சிறு மளிகைக்காரர் அன்று கைப்பில்லை வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தார். இன்று பில் ஆங்கிலத்தில் வருவதால் அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்கிறார். அன்றே கண்ணில் பட்டிருக்க வேண்டிய தவறு, ஒரு மாதம் கழித்துப் பாக்கித் தகராறாக வந்து நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெங்களூரில் உருவான டேலி 2006ஆம் ஆண்டிலேயே பல இந்திய மொழிகளில் வந்தது. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருளும் பல மொழிகளில் இயங்குகிறது. 'தமிழ் என்று மாற்றிவிட்டால் போதும்' என்று விற்பவர் சொல்வார். போதாது என்பதே எங்கள் அனுபவம்.

காரணம் எளிது. மென்பொருளோடு வரும் தமிழ்ச் சொற்கள் எங்கோ இருப்பவர் அகராதி பார்த்துப் போட்டவை. இயந்திரம் மொழிபெயர்த்தால் இன்னும் மோசம். 'ஹார்ஸ் கிராம்' என்பது நமக்குக் கொள்ளு. இயந்திரம் 'குதிரை கிராம்' என்று எழுதிவிடும். 'பிளாக் கிராம்' என்ற உளுந்து 'கருப்பு கிராம்' ஆகும். இங்கே கிராம் என்பது எடை அல்ல, தானியத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கணக்குச் சொற்களிலும் இதே கதைதான். 'பார்ட்டி' கட்சி ஆகிவிடும், 'பேலன்ஸ்' சமநிலை ஆகிவிடும். 'பேக்' என்பதைப் பை என்று போட்டால், 50 கிலோ மூட்டையா, 25 கிலோ சிப்பமா, கையில் தூக்கும் பையா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நம் சொற்களை நாமே மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. எந்த மொழி, மூலச் சொல் எது, அதற்குப் பதிலாக வரவேண்டிய சொல் எது என்று மூன்றையும் நிரப்பிச் சேமித்தால் போதும். மூலச் சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் மாற்றம் ஏறாது. எந்த வாடிக்கையாளருக்கு எந்த மொழியில் பில் அச்சாக வேண்டும் என்றும் குறித்து வைக்கலாம். டேலியில் ஒவ்வொரு சரக்குக்கும் மாற்றுப் பெயர் கொடுக்கலாம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ஒரு சரக்குக்கு ஒரே எண், ஒரே தமிழ்ப் பெயர். 'கடலை' என்று மொட்டையாக எழுதினால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா என்று குழப்பம் வரும். குழப்பம் குடோனோடு நிற்காது. ஜி.எஸ்.டி.யில் கடலைப்பருப்பு 0713 என்ற தலைப்பிலும், பொட்டுக்கடலை 2106 என்ற தலைப்பிலும் வருகின்றன. பெயர் மாறினால் எச்.எஸ்.என். எண்ணும் தவறாகும். எனவே பெயரை எண்ணோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஆடிட்டருக்கும் அதிகாரிக்கும் வேண்டிய ஆங்கிலப் பெயர் மேலே, தமிழ்ப் பெயர் அதன் கீழே என இரண்டும் அச்சாவதே நல்லது.

இரண்டாவது, ஊருக்கு ஊர் சொல் மாறும். திருநெல்வேலிக்காரர் சீனி என்பதை நாம் சர்க்கரை என்கிறோம். அவர் சர்க்கரை என்றால் வேறு சரக்கை நினைப்பார். வெளியூர் வியாபாரம் உள்ளவர்கள் 'வெள்ளைச் சர்க்கரை', 'நாட்டுச் சர்க்கரை' என்று முழுப் பெயராகவே போடுங்கள்.

மூன்றாவது, பணம் சம்பந்தப்பட்ட சொற்கள். சரக்குக்கு 'இருப்பு', வரவேண்டிய பணத்துக்கு 'பாக்கி' என்று பிரித்து வையுங்கள். விலையில் குறைத்துக் கொடுப்பதற்குத் 'தள்ளுபடி' என்று போட்டால், கடனையே தள்ளிவிட்டதாக ஒருவர் வாதிட இடம் உண்டு. 'விலைக் கழிவு' என்று போட்டால் சந்தேகம் இல்லை. பற்று, வரவு, சிட்டை, பேரேடு எல்லாம் நம் முன்னோர் கணக்கில் புழங்கிய சொற்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நான்காவது, எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ புரியாத குறிகளாகத் தெரியும். 2010இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட யுனிகோடு முறையில் அடியுங்கள். சிறு பில் போடும் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளேயே இருக்காது. பில்லைப் படமாக அனுப்பி அச்சிட முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டர் பையன் ஒருவனிடமே விட்டுவிடுவது சரியல்ல. கணக்குப்பிள்ளை, குடோன் மேஸ்திரி, நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் என மூவரையும் உட்கார வைத்து, அவர்கள் வாயில் வரும் சொல்லை எழுதுங்கள். மூட்டை தூக்குபவரும் பணம் கட்டுபவரும் ஒரே சொல்லைப் படித்தால் சரக்கு மாறாது. முதலில் அதிகம் ஓடும் 50 சரக்குகளை ஏற்றி, ஒரு வாரம் அச்சடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

ஒவ்வொரு கடையும் தனித்தனியாகச் செய்வதைவிட, நம் சங்கமே மளிகைச் சரக்குகளுக்கு எச்.எஸ்.என். எண்ணோடு ஒரு பொதுப் பெயர்ப் பட்டியல் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் அனைவருக்கும் வேலை மிச்சம். அடுத்த செயற்குழுவில் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். நம்மிடம் வாங்குகிறவர் தம் பில்லைத் தாமே படித்துத் தலையாட்டிவிட்டுப் போக வேண்டும். அப்படிப் போகிறவரிடம் வசூல் செய்வதில் சிரமம் குறைவு என்பது மொத்த வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.