நாயகனுக்கு அருகே நின்ற நடிகன்

நெல்லியடிச் சந்தைக்கு அணித்தாக உள்ள வீடொன்றின் திண்ணை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுது. பாடசாலையிலிருந்து திரும்பிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகப் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். பாடசாலை விழாவில் அரிச்சந்திரன் நாடகம் போட ஏற்பாடாகியிருந்தது. அரிச்சந்திரன் வேடம் தனக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்தான் அவன். கிடைத்ததோ காலகண்டர் வேடம். சந்திரமதியையும் அவள் பாலகனையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாக்கி வதைக்கும் கொடியவரின் வேடம்.

"அப்பப்பா, எல்லாரும் என்னைப் பகிடி பண்ணுவினம். எனக்கு இந்த வேடம் வேண்டாம்" என்று அவன் விம்மினான்.

பாட்டனார் உடனே மறுமொழி கூறவில்லை. சற்றுப் பொறுத்து, "தம்பி, பாலையா எண்டு ஒருவர் இருந்தார். அவற்றை கதையைக் கேட்டிட்டு, பிறகு வேண்டாமெண்டு சொல்லு" என்றார்.

அயலவன் என்ற முறையில் அன்று அந்தத் திண்ணையில் அடியேனும் இருந்தேன். முதியவர் சொன்னவற்றையும், பின்னர் யான் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். அந்தச் சிறுவனைப் போல் 'இரண்டாம் இடம்' கண்டு மனம் சோர்ந்த மாணவர்கள் எவரேனும் இதனைப் படிப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்ததாகும்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

1914ஆம் ஆண்டு உலகப் பெரும்போர் மூண்ட ஆண்டு. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் இலண்டனில் ஒரு குழந்தை பிறந்தது. ஆகத்து மாதம் 23ஆம் நாள், அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுண்டங்கோட்டையில் மற்றொரு குழந்தை பிறந்தது. முன்னவர் அலெக் கின்னஸ், பின்னவர் டி. எஸ். பாலையா. இருவரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆயினும் இருவரும் கைக்கொண்ட கலைநெறி ஒன்றே. தம்மை மறைத்துக்கொண்டு, தாம் ஏற்ற பாத்திரத்தை மாத்திரம் மக்கள் கண்முன் நிறுத்தும் குணசித்திர நடிப்பு அது.

கின்னஸின் பெயரை நம் நாட்டவர் மறந்துவிட முடியாது. 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக அவர் இலங்கைக்கு வந்து, கித்துல்கலையில் களனி கங்கைக் கரையில் நின்று நடித்தார். படத்துக்கென்று கட்டப்பட்ட மரப்பாலம் 1957இல் அங்கேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்படத்தில் பிடிவாதம் மிக்க படைத்தலைவராகத் தோன்றிய கின்னஸ் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார். 1949இல் வெளிவந்த வேறொரு படத்தில் ஒரே குடும்பத்தினர் எண்மரின் வேடங்களையும் அவர் ஒருவரே தாங்கியிருந்தார். அந்த எண்மருள் ஒருவர் பெண்மணி! முகம் ஒன்று, மனிதர் எட்டு. குணசித்திர நடிகர் என்பவர் யார் என்று கேட்பவர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

பாலையாவுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் நடித்த முதற்படம் 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் படமாக்கினார். தீய நண்பனின் வலையில் விழுந்து குடிக்கு அடிமையான நாயகன், கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திற் கூலியாக உழைப்பதாக அக்கதை செல்லும். நாயகனைக் கெடுக்கும் அந்தத் தீய நண்பன் பாத்திரமே இருபத்தோரு வயது இளைஞரான பாலையாவுக்குக் கிடைத்தது.

அதே படத்திற் சிறியதொரு பொலிஸ் அதிகாரி வேடத்தில் அறிமுகமானவர், இலங்கையிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அப்படத்தில் நடித்தார். பாலையாவும் எம். ஜி. ஆரும் ஒரே வாயில் வழியாகத் திரையுலகிற் புகுந்த வியப்பை என்னென்பது!

வெறுக்கப்பட்டவர்

அடுத்த ஆண்டு, 1937இல், அதே டங்கனின் இயக்கத்தில் 'அம்பிகாபதி' வெளிவந்தது. கம்பர் மகனாகத் தியாகராஜ பாகவதர் தோன்றினார். அவருடைய காதலுக்கு எமனாக வரும் உருத்திரசேனன் என்ற தளபதி வேடத்தைப் பாலையா ஏற்றார். பாகவதரின் கந்தர்வ கானத்தில் நாடே மயங்கிக் கிடந்த காலம் அது. அத்தகைய நாயகனை எதிர்த்து நிற்பவனிடம் எவருக்கேனும் அன்பு பிறக்குமா? மக்கள் பாலையாவை மனமார வெறுத்தார்கள். அந்த வெறுப்பே அவருடைய வெற்றியாயிற்று.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பாலையாவின் தீயவன் கண்களை உருட்டிக் கூச்சலிடுபவன் அல்லன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வருவான், குழைந்து பேசுவான், தோளிற் கை போடுவான். குரலை ஓரிடத்தில் இழுத்து, ஓரிடத்திற் கடித்து, வேறோரிடத்தில் திடீரெனத் தாழ்த்தி அவன் பேசுகையில், அவனுடைய உள்ளத்தில் ஓடும் கணக்கு நமக்கு மாத்திரம் விளங்கும், நாயகனுக்கு விளங்காது. நம் ஊர்களிலும் அயலை ஏய்ப்பவர்கள் கொம்பு முளைத்தவர்களாய் வருவதில்லையே! புன்னகையோடுதானே வருகிறார்கள்! அந்த உலகியல் உண்மையை நாடக மேடையில் பயின்று, திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

1949இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வெளிவந்தபோது மக்கள் வேறொரு பாலையாவைக் கண்டனர். பழிவாங்கத் துடிக்கும் நாயகனின் கையிலிருந்த கத்தியை விலக்கி, அறிவாற் போராடும்படி அவனைத் திருப்பும் நண்பன் மணியாக அவர் வந்தார். 'சதி லீலாவதி'யில் நண்பனைக் கெடுத்தவரே இங்கு நண்பனை உயர்த்தினார். 1951இல் அதே அண்ணாவின் 'ஓர் இரவு' வந்தது. அதிலோ மறைபொருளை அறிந்துகொண்டு மிரட்டிப் பணம் பறிக்கும் கயவனாக மீண்டும் மாறிவிட்டார். எந்தச் சட்டையைப் போட்டாலும் அவருக்கென்றே தைத்தது போல் இருந்தது.

1956இல் 'மதுரை வீரன்' திரைக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிறு வேடத்தில் வந்த எம். ஜி. ஆர். இப்பொழுது மக்கள் கொண்டாடும் நாயகன். பாலையாவோ நரசப்பன் என்ற பொறாமைக்காரன். நாயகனுக்கு எதிரில் அதே பழைய இடம். ஒருவர் உச்சிக்கு ஏறிவிட்டார். மற்றவர் நின்ற இடத்திலேயே நின்றார் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கூறுவர். ஆனால் பாலையா அந்த இடத்தைச் சிறியதாகக் கருதி அசட்டையாக நடித்தாரா? இல்லை. நரசப்பனின் அசட்டுத்தனமும் வஞ்சகமும் கலந்த அந்த நடிப்பு இல்லையேல் வீரனின் வீரம் பாதி ஒளியை இழந்திருக்கும்.

கேட்பதும் ஒரு நடிப்பு

நடிப்பென்றால் பேசுவது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். பேசாமலிருப்பதில் எத்துணை நடிப்பு உண்டு என்பதை 1964இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' காட்டிற்று. படம் எடுக்கப் போவதாகக் கனவு காணும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். செல்வந்தத் தந்தை விசுவநாதனாகப் பாலையா. மகன் பேய்க்கதை ஒன்றைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியைப் பாராத தமிழர் குறைவு. கதை முழுவதையும் சொல்பவர் நாகேஷ். பாலையா செய்வதெல்லாம் கேட்பதுதான். முதலில் அலட்சியம், பிறகு சிறிது ஆவல், பிறகு ஐயம், பிறகு நடுக்கம்! ஒவ்வொரு படியாக அந்த முகம் மாறுவதைக் கண்டுதான் நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். அந்தக் கேட்கும் முகத்தை நீக்கிவிட்டால், எஞ்சுவது பாதிக் காட்சியே.

அடுத்த ஆண்டு, 1965இல், ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' வெளிவந்தது. பாண்டியன் அவையில் தன் பாட்டுக்கு நிகரில்லை என்று செருக்கி நிற்கும் ஏமநாத பாகவதராகப் பாலையா வந்தார். பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா, இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். இராகத்துக்கு இராகம் தாவும் அந்தப் பாட்டு மற்றொருவருடைய குரல் என்பதை நம் அறிவு அறியும், கண்கள் ஒப்புவதில்லை. தலையசைவும், சீடர்களை நோக்கும் நோக்கும், மீசைக்குள் ஒளிந்த இகழ்ச்சியும் அந்தக் குரலோடு ஒன்றிவிட்டன.

அதனினும் சிறந்தது பின்னர் நிகழ்வது. விறகு விற்பவனாக வந்த இறைவன் நள்ளிரவிற் பாட, ஏமநாதர் அதனைச் செவிமடுக்கிறார். இங்கும் கேட்பதுதான் நடிப்பு. பகலில் மலைபோல் நிமிர்ந்திருந்த செருக்கு, சொல் ஒன்றும் இல்லாமலே சிறிது சிறிதாகக் கரைகிறது. தோற்றவனாகிய அவர்மீது நமக்கு இரக்கமும் பிறக்கிறது. தீயவனை வெறுக்கச் செய்தல் எளிது. அவன் தோற்கும்போது நம்மையும் ஒரு கணம் தலைகுனியச் செய்தல் எல்லார்க்கும் கைவராது.

குடும்பங்களின் தந்தை

பின்னாளிற் பாலையா குடும்பத் தலைவர் வேடங்களிற் பெரிதும் விரும்பப்பட்டார். 1959இல் வந்த பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில், மனைவியின் சொல்லுக்கும் உடன்பிறப்பின் பாசத்துக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் மூத்த சகோதரராக அவர் தோன்றினார். காணி பங்கிடும்போது வேலிக்கு இருபுறமும் நின்று கண்கலங்கிய சகோதரர்களை அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு அக்கதை அந்நியமானதன்று. 1967இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்', நடிகை ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்பதற்காகக் கடன்பட்டு ஆடம்பரம் செய்யும் மூன்று மகன்களையும் மருமகள்மாரையும் காட்டிற்று. அவர்களைத் திருத்தப் பாடுபடும் தந்தையாக வந்தவர் பாலையா.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. நாதசுர வித்துவானாகச் சிவாஜி கணேசன். அவருக்கு உறுதுணையான தவில் வித்துவான் முத்துராக்காகப் பாலையா. திருவிழா இரவுகளில் விடியும்வரை தவிற்சமர் கேட்டுப் பழகிய ஊர்கள் நம்முடையவை. 1975இல் மறைந்த அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த செவிகளையும், அவருடைய விரல்களைக் கண்ட கண்களையும் ஏமாற்றுதல் எளிதன்று. அந்தக் கண்களுக்கும் பாலையாவின் தவில்காரர் மெய்யான தவில்காரராகவே பட்டார். அவர் வித்துவானை நிமிர்ந்து பார்க்கும் பார்வை, கோபத்தைத் தணிக்கும் சிரிப்பு, தவிலைத் தோளில் மாட்டும் பாங்கு ஆகியவற்றில் ஒரு சாதகக்காரனின் வாழ்வு முழுவதும் தெரிந்தது.

தவிலும் குணசித்திர நடிப்பும் ஒரே தன்மையன என்று எண்ணத் தோன்றுகிறது. நாதசுரத்தை மறைத்துக் கொட்டுகின்ற தவில் நல்ல தவிலன்று. அதனைத் தாங்கி, உந்தி, உயர்த்துவதே நல்ல தவில். எனினும் தவில் இல்லாத மேளத்தை எவர் கேட்பார்?

1972ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள், ஐம்பத்தெட்டாவது வயது நிறையுமுன்னரே பாலையா மறைந்தார். அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரோடு தந்தை சென்ற வழியிலேயே குணசித்திர வேடங்களில் நடித்து 2023இற் காலமானார். இலண்டனிற் பிறந்த கின்னஸ் 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

நம் மண்ணிலும் இந்த மரபு இல்லாமற் போகவில்லை. 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலை எழுதிய கலையரசு சொர்ணலிங்கம் (1889–1982), சேக்சுபியரின் வட்டிக்கடைக்காரன் பாத்திரத்தைத் தமிழ் மேடையில் ஏற்றுப் புகழ்பெற்றவர். வெறுக்கத்தக்கவன் ஒருவனின் உள்ளத்துக்குட் புகுந்து பார்க்கும் துணிவு இல்லாதவர் அந்த வேடத்தைத் தாங்க முடியாது.

திண்ணைக்கு மீள்வோம்

பாட்டனார் கதையை முடித்துவிட்டு, அன்றிரவு 'திருவிளையாடல்' படத்தைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினார். படம் முடிந்ததும் சிறுவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்பப்பா, காலகண்டர் ஏன் அப்பிடிக் கொடுமை செய்தவர்?"

"அதை நீதான் கண்டுபிடிக்கவேணும். கண்டுபிடிச்சியெண்டால் வேடம் உன்னுடையது" என்றார் முதியவர்.

விழா நாளில் யானும் சென்றிருந்தேன். காங்கேசன்துறை வைரமுத்துவின் மயான காண்டத்தை எத்தனையோ இரவுகள் கண்விழித்துப் பார்த்த முதியோர் பலர் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். சிறுவன் மேடையில் தோன்றினான். கத்தவில்லை. கையிற் பிரம்பை மெல்லத் தட்டிக்கொண்டு, விறகும் தருப்பையும் கொண்டுவரப் பாலகனைக் காட்டுக்கு அனுப்பினான். "பொழுது படமுன் வந்துவிடு" என்று அமைதியாகச் சொன்னான். அந்த அமைதி சபையை உலுக்கிற்று. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் தம்மை மறந்து, "கட்டையிலை போவான்! பச்சைப் பிள்ளையை என்ன பாடு படுத்திறான்!" என்று உரக்க ஏசிவிட்டார்.

நாடகம் முடிந்து, வேடத்தைக் கலைக்காமலே சிறுவன் பாட்டனாரிடம் ஓடிவந்தான். கண்கள் கலங்கியிருந்தன. "அப்பப்பா, அந்த ஆச்சி என்னை ஏசினவா" என்றான்.

முதியவர் அவனை அணைத்துக்கொண்டார். "அரிச்சந்திரனுக்குக் கைதட்டினவை. உனக்கு ஆச்சி ஏசினவா. இரண்டும் ஒண்டுதான், தம்பி" என்றார்.

சிறுவன் சிறிது நேரம் யோசித்தான். பின்னர், பூசிய தாடியின் நடுவே மெல்லச் சிரித்தான்.