மீன் சருவத்துக்கு இடமுள்ள படகு

பூவார் பொழிமுகத்தில் படகுக்குப் பஞ்சமே இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மோட்டார் படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கண்டல் காடு, மணல்திட்டு, நெய்யாறு கடலில் சேரும் வாய் என்று காட்டிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுகின்றன. பக்கத்துக் குளத்தூர் பஞ்சாயத்தில், பொழியூரில் இருக்கும் ஒருவர் பூவார் டிப்போவுக்குப் போய் நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் படகுகளில் ஒன்றுகூட உதவாது. ஊரைச் சுற்றித் தண்ணீர் கிடக்க, ஊர்க்காரர்கள் ரோட்டையே நம்பிக் கிடக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860இல் திருவிதாங்கூர் வெட்டத் தொடங்கியதுதான் அனந்தன் விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். நினைத்த தூரத்துக்கு அது போய்ச் சேரவில்லை. ஆனாலும் பூவாரிலிருந்து பொழியூர், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று கடலுக்கு இணையாகவே ஓடி, குளச்சல், மண்டைக்காடு வரை அதன் தடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தேசிய நீர்வழிச் சட்டம் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டபோது, பூவாரில் தொடங்கும் பகுதிக்கு 13ஆம் எண் கிடைத்தது. காகிதத்தில் அது தேசிய நீர்வழி. நேரில் பார்த்தால் பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிய, கழிவுநீர் தேங்கிய சாக்கடை. கேரளம் கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டிருக்கும் மேற்குக் கடற்கரைக் கால்வாயும் கோவளத்துக்குத் தெற்கே வருவதில்லை. கேரள–தமிழ்நாடு எல்லைக் கிராமம் இரண்டு பக்கத்துக் கணக்கிலும் கடைசியில்தான் வருகிறது.

படகையும் பஸ்ஸையும் கோத்துவிடுவது எப்படி என்பதற்கு அதே மாநிலத்தில் பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கொச்சியில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் முழுத் திட்டம் 38 படகுத்துறைகள், 78 படகுகள். பேட்டரியில் ஓடும் படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டுகிறது. எனக்குப் பிடித்தது அதன் மிதக்கும் மேடை. ஏற்றவற்றத்துக்கு ஏற்ப மேடையும் படகோடு சேர்ந்து உயர்ந்து தாழ்வதால் படகுத் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலிகூடத் தடங்கலில்லாமல் ஏறும். வைற்றிலாவில் படகு, மெட்ரோ ரயில், பஸ் மூன்றும் அக்கம்பக்கம். ஆனால் அங்கிருந்து காக்கநாடு போய் இறங்கினால், வேலைக்குப் போகிறவர் கம்பெனி வாசலை அடைய இன்னொரு வண்டி வேண்டும். இணைப்புப் பஸ் காத்து நின்றால்தான் படகில் மிச்சமான நேரம் கையில் நிற்கும். இல்லாவிட்டால் ஆட்டோக் கூலியில் போய்விடும்.

கொச்சியின் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது என்பவர்கள் வைக்கத்தைப் பார்க்கலாம். பெரியார் போராடிச் சிறை சென்ற அதே வைக்கத்தின் படகுத்துறையிலிருந்து 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு காயலைக் கடந்து தவணக்கடவுக்குப் போய்வருகிறது. 75 பேர் அமரலாம். டீசல் புகையும் இல்லை, தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இல்லை. அக்கரையில் இறங்கினால் சேர்த்தலைக்குப் பஸ் கிடைக்கும். ஆடம்பரம் எதுவுமில்லாத அன்றாடச் சேவை அது. பொழியூருக்குத் தேவை அந்த மாதிரிதான்.

என் கவலை வேறொன்று. இங்கே அந்தப் படகில் ஏற வேண்டிய முதல் ஆள் யார்? கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் போட்டு, தலையில் தூக்கிக்கொண்டு உச்சக்கடைக்கும் பாறசாலைக்கும் ஓடுகிற பெண்தான். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்தால் விலையும் கரையும். 2021 டிசம்பரில், எல்லைக்கு அந்தப்புறம் குளச்சலில், மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி தமிழ்நாட்டையே கொதிக்க வைத்தது. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே ‘சமுத்திரா’ என்ற பெயரில் இலவசப் பஸ் விட்டார்கள். மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. நூறு பேர் ஏறும் குளிரூட்டிய படகு நாளை இந்தக் கால்வாயில் வந்து நின்றால், அதில் சருவம் வைக்க எங்கே இடம்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம், சுற்றுலாப் படகுக்கு இன்னொரு பெயராகத்தான் முடியும்.

ரோடு இருக்கும்போது கால்வாயில் பணத்தைக் கொட்டுவானேன், கரையோரக் குடியிருப்புகள் என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. குடியிருப்புகளைப் பற்றிய கேள்வி நியாயமானது. யாரையும் தெருவில் நிறுத்தித் தூர்வார வேண்டியதில்லை. ஆனால் ரோட்டை நம்பச் சொல்வதுதான் பொருந்தவில்லை. பொழியூரையும் நீரோடியையும் சேர்க்கும் கடற்கரைச் சாலையைக் கடல் அரித்துத் தின்றதைப் பார்த்தவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. கால்வாயோ அலைக்கு ஒதுங்கி, உள்ளே தள்ளிக் கிடக்கிறது.

படகு அகலமாகவும் ஆழம் குறைந்த தண்ணீரில் மிதப்பதாகவும் இருக்க வேண்டும். வேகமாகப் போனால் அலையடித்துக் கரை இடியும். அதனால் மெதுவாகத்தான் போக முடியும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட வேண்டுமானால் இறங்கும் துறையிலேயே பஸ் நிற்க வேண்டும். படகுத்துறையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குத் தலைச்சுமையோடு அரைக் கிலோமீட்டர் நடக்க வைத்தால் எந்தப் பெண்ணும் மறுநாள் படகுக்கு வரமாட்டாள்.

கால்வாய்க்குத் திட்ட அறிக்கை எழுதப்போகிற அதிகாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான். எழுத உட்காரும் முன் ஒரு விடிகாலை பொழியூர் ஏலக்கரைக்கு வாருங்கள். எந்நேரம் மீன் கரை சேர்கிறது, எந்தச் சந்தைக்குப் போகிறது என்று அந்தப் பெண்களிடமே கேளுங்கள். படகின் நேரத்தையும் பூவார் டிப்போ பஸ்களின் நேரத்தையும் அதற்குப் பிறகு குறியுங்கள்.