தானா பிரேக் போடும் கார்.. முழுசா நம்பலாமா? 1990 பெங்களூரு விமான விபத்து சொல்வது என்ன?

மதுரையிலிருந்து விருதுநகர் போகும் நான்குவழிச் சாலை. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். முன்னால் போகும் லாரிக்கு ஏற்ப காரே வேகத்தைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் பிரேக்கும் போடும். 'அடாஸ்' எனப்படும் இந்த ஓட்டுநர் உதவி வசதி இப்போது நடுத்தர விலை கார்களிலும் வந்துவிட்டது.

இதனால் லாபமா? நிச்சயமாக. 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரே விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். நாம் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த விநாடி போயிடும். ரேடாரும் கேமராவும் அசருவதில்லை, தூங்குவதும் இல்லை.

சரி, அப்போ ஆபத்து எங்கே இருக்கு?

அதற்கு விமானத்தைப் பார்க்கணும். 1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320, ஓடுபாதைக்கு முன்பாகவே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். விமானம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இன்ஜின் கோளாறு எதுவும் இல்லை. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கணினி, இன்ஜின் விசையை மிகக் குறைவாக வைத்து இறங்கும் 'ஐடில் ஓபன் டிசென்ட்' முறையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. 'இன்ஜின் வேகத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கும்' என்ற நிலையில், அது பார்க்கவில்லை என்பதை விமானிகள் உணரத் தாமதமானது. கடைசி நொடியில் விசையைக் கூட்டினார்கள். ஆனால் ஜெட் இன்ஜின் முழு பலம் பெறவே சில விநாடிகள் ஆகும்.

இதற்கு நேர் எதிர் கதை போயிங் 737 மேக்ஸ். இங்கே ஒரு சென்சார் தந்த தவறான தகவலை நம்பி, கணினியே விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது. 2018, 2019-ல் இந்தோனேசியா, எத்தியோப்பியா விபத்துகளில் 346 பேர் பலி. இந்தியாவிலும் அந்த ரக விமானங்கள் நிறுத்தப்பட்டன.

அதுக்காக கருவிகளே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 1996-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகுதான், மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி இங்கு கட்டாயமானது.

காரில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். விமானியை சிமுலேட்டரில் உட்காரவைத்து அடிக்கடி சோதிக்கிறார்கள், பக்கத்தில் துணை விமானியும் உண்டு. கார் வாங்குபவருக்கோ ஷோரூமில் சாவி தரும்போது சொல்லும் சில நிமிட விளக்கம்தான்! சாலையிலும் ராங் சைடில் வரும் பைக், பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர், சென்டர் மீடியன் இடைவெளியில் திடீரென இறங்கும் ஆட்டுக்கூட்டம் என எல்லாமே வரும். கோடு அழிந்த சாலையில் கேமரா தடுமாறும்.

இந்தியாவில் தற்போது விற்கும் அடாஸ் கார்களில் ஓட்டுநர்தான் முழுப் பொறுப்பு. கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். ஊருக்குள் நுழைந்ததும் க்ரூஸ் வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். மழையில் ஓட்டி வந்தால் பம்பரிலும் முன் கண்ணாடியிலும் படிந்த சேற்றைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், ரேடாரும் கேமராவும் அங்கேதான் இருக்கின்றன.