பிள்ளை சுமக்கும் அப்பா

"நீங்கள் பத்து மாதம் சுமந்து பார்த்தால் தெரியும்!" இதைச் சொல்லாத மனைவியும் இல்லை, கேட்டுக் கொள்ளாத கணவனும் இல்லை. கங்கை, பிரம்மபுத்திரா நதிகளைச் சேர்ந்த நீர்நிலைகளில் ஒரு குடும்பம் இருக்கிறது. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை, நேயர்களே! சுமப்பவர் அப்பாதான்.

குழாய் மீன் என்று பெயர். கடற்குதிரைக்கு நெருங்கிய உறவு. கடற்குதிரையின் சுருண்ட வாலை நிமிர்த்தி, கழுத்தையும் நேராக்கிப் படுக்க வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் இது. ஒரு சாண் நீளம்கூட வளராது. செதிலுக்குப் பதில் எலும்பு வளையங்கள். வாய்க்குப் பதில் ஓர் ஊதுகுழல்! உறவினரில் பெரும்பாலோர் கடல்வாசிகள். இதுவோ நல்ல தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறது.

1822-ல் கங்கை மீன்களைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன்தான் இதற்குச் சாஸ்திரப் பெயர் தந்தவர்: டியோகாட்டா. (1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயமுத்தூர் வட்டாரமெல்லாம் சுற்றிக் குறிப்பெழுதிய அதே மனிதர்!)

மயிலில் தோகை விரிப்பது ஆண். இங்கே அலங்காரம் பெண்ணுக்கு. அவளுடைய வயிற்றுப்புறம் அகன்று, வர்ணப் பட்டைகளுடன் பளபளக்கிறது. மீன் வளர்ப்போர் 'வானவில் வயிறு' என்றே இதை அழைக்கிறார்கள். அதைக் காட்டி ஆணை மயக்கி, முட்டைகளை அவன் வயிற்றின் அடியில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். குஞ்சு பொரிக்கும் வரை சுமை அவனுடையது. பொரித்த பிறகு அவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த விஷயத்தில் மட்டும்... வேண்டாம், இந்தப் பக்கத்தை வீட்டு ஆண்களும் படிப்பார்கள்!

இத்தனை அழகுதான் இதற்கு வினை. வடகிழக்கிலிருந்து பிடித்து அலங்கார மீனாக விற்கிறார்கள். ஆற்றோரப் பாசியும் செடியும் அழிய அழிய ஒளிய இடமும் குறைகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல், ஆபத்தை நெருங்கும் இனங்களில் இதைச் சேர்த்திருக்கிறது.

நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்குதிரைகளைப் பிடித்து, உலர்த்தி, ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள் அல்லவா? 2001-ல் இந்திய அரசு கடற்குதிரைக் குடும்பம் முழுவதையும், புலி இருந்த அதே முதல் அட்டவணையில் சேர்த்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் தூரத்து உறவுக்கும் இலை விழுவதுபோல, நல்ல தண்ணீர்க் குழாய் மீனுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் சந்தையில் இதை யார் கடற்குதிரையின் சொந்தம் என்று நினைக்கிறார்கள்?

கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்ததும் என்ன ஆகிறது தெரியுமா? இதற்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. நீந்தித் திரியும் நுண்ணிய பூச்சிகளை அந்தக் குழலால் 'சர்'ரென்று உறிஞ்சி, பொழுதெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். டப்பாவில் விற்கும் உலர்ந்த தீனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மேலே தீனி மிதக்க, கீழே மீன் பட்டினியால் மெலிந்து சாகிறது. குழந்தை ஆசைப்பட்டுக் கேட்கிறதே என்று நீங்கள் கடையில் நிற்கும்போது, "எதைப் போட்டாலும் சாப்பிடும், அம்மா" என்பார் கடைக்காரர். நம்பி வாங்கிவிடாதீர்கள்.